அடிபட்டது தலையில்... ஸ்கேன் மட்டும் கண்ணுக்கா?

"அடிபட்டது தலையில்தானே டாக்டர்? கண்ணுக்கு எதுக்கு ஸ்கேன்?"

மயங்கிக் கிடப்பவரின் மூடிய இமை மேல் ஜெல்லியை வைத்து, அல்ட்ரா சவுண்ட் புரோபை மெல்ல ஒற்றும் டாக்டரைப் பார்த்து உறவினர்கள் இப்படிக் கேட்டால், அதில் ஒன்றும் தப்பில்லை. வயிற்று ஸ்கேன் நமக்குத் தெரியும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் தெரியும். கண்ணுக்கு ஸ்கேன் என்றால், காட்ராக்ட் ஆபரேஷனுக்கு முன்னால் லென்ஸ் அளவு பார்ப்பார்களே, அதுவும் தெரியும். ஆனால் மண்டைக்குள் நடக்கிற சமாச்சாரத்தைக் கண் மேல் புரோபை வைத்துப் பார்ப்பதாவது!

பார்க்க முடியும். முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். வலி கிடையாது. ஊசி கிடையாது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. நோயாளியைக் கட்டிலை விட்டு நகர்த்த வேண்டியதும் கிடையாது. பழகிய கைக்கு ஐந்து நிமிஷ வேலை. இந்தச் சோதனை பெரிய நகரத்து ஐ.சி.யு.க்களோடு நின்றுவிடக் கூடாது. காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் அன்றாடப் பழக்கமாக வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். முடிவை நீங்களே எடுங்கள்.

கண்ணின் அருமை தெரிந்த ஊர்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கண்ணின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. இரண்டு கண் பார்வையும் இழந்து வந்த சுந்தரருக்கு, இடது கண் பார்வை திரும்பக் கிடைத்த தலம் ஏகாம்பரநாதர் கோயில் என்கிறது பெரிய புராணம். சென்னையில் டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978-ல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கியதற்குத் தூண்டுகோலாக இருந்தது, காஞ்சி ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகள் 1976-ல் சொன்ன வார்த்தை.

அதையெல்லாம் விடுங்கள். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் எந்த நெசவாளியைக் கேட்டாலும் சொல்வார். உடலும் கரையும் சேரும் இடத்தில் கோர்வை போடுகிறாரே, அங்கே ஓர் இழை தப்பினால் போதும், புடவையின் மதிப்பே போச்சு. மில்லிமீட்டர் கணக்கை ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் கண்ணாலேயே பார்க்கிறவர்கள் அவர்கள்.

நான் சொல்லப்போகிற சோதனையும் அப்படி மில்லிமீட்டர் கணக்குதான். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஓர் உயிரின் நிலவரம் தெரிகிறது.

மூன்று அழுத்தம், மூன்று விஷயம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "பிரஷர்" என்று நாம் சொல்வது ரத்த அழுத்தம். அதைக் கையில் பட்டை கட்டிப் பார்க்கிறோம். கண் டாக்டர் "கண்ணில் பிரஷர்" என்று சொன்னால் அது கண் உருண்டைக்கு உள்ளே இருக்கும் நீர் அழுத்தம். கூடினால் குளுக்கோமா என்கிற கண் நோய் வரலாம். மூன்றாவது, மண்டைக்குள் இருக்கும் அழுத்தம். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான். மூன்றும் வேறு வேறு. ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மண்டை ஓடு என்பது மூடி போட்ட எலும்புப் பெட்டி. உள்ளே சுமார் 80 சதவீத இடம் மூளைக்கு. மீதியில் பாதி ரத்தத்துக்கு, பாதி மூளையைச் சுற்றி ஓடும் தெளிந்த திரவத்துக்கு. இந்தத் திரவம் ஒரு சமயத்தில் 150 மி.லி. அளவுக்கு இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் சுரந்து, அதே அளவு வடிந்துகொண்டே இருக்கும்.

பெட்டி பெரிதாகாது. அதனால் உள்ளே ரத்தம் கசிந்தாலும், கட்டி வளர்ந்தாலும், மூளை வீங்கினாலும், திரவம் வடியாமல் தேங்கினாலும் மற்றவை இடம் விட்டுக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் கொடுக்கும். அதற்கு மேல் முடியாது. அப்போது அழுத்தம் மளமளவென்று ஏறும். படுத்திருக்கும் ஒரு பெரியவருக்கு 7 முதல் 15 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டியது, 22-ஐத் தாண்டினால் உடனே வைத்தியம் தேவை என்கின்றன தலைக்காயத்துக்காக 2016-ல் வந்த அமெரிக்க நெறிமுறைகள். இன்னும் ஏறினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். மூளை கீழ்நோக்கி நகர்ந்து, மூச்சை நடத்தும் பகுதியையே நசுக்கும். பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

இந்த அழுத்தத்தைத் துல்லியமாக அளக்க ஒரே வழி, மண்டையில் சின்னத் துளை போட்டு உள்ளே குழாய் வைப்பதுதான். ஸ்வீடனில் லுண்ட்பெர்க் என்ற டாக்டர் 1960-ல் இதை விவரமாக எழுதினார். இன்று வரை மற்ற எல்லாச் சோதனைகளுக்கும் அதுதான் உரைகல். ஆனால் அதற்கு மூளை அறுவை டாக்டர் வேண்டும், தியேட்டர் வேண்டும், ஐ.சி.யு. வேண்டும். சின்ன ஊரில் எங்கே போக?

கண்ணுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் பார்வை நரம்பு கை கொடுக்கிறது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் இந்த நரம்பு உண்மையில் மூளையின் ஒரு நீட்சி. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுகள் இதையும் உறை போலப் போர்த்திக்கொண்டு கண் வரைக்கும் வருகின்றன. மூளையைச் சுற்றி இருக்கும் அதே திரவம் இந்த உறைக்குள்ளும் இருக்கிறது.

மாடியில் தண்ணீர்த் தொட்டி, அதோடு சேர்ந்த ரப்பர் குழாய். தொட்டியில் அழுத்தம் கூடினால் குழாய் உப்பும் இல்லையா? அதேதான். மண்டைக்குள் அழுத்தம் கூடினால், பார்வை நரம்பின் உறை உப்புகிறது. கண் உருண்டைக்கு 3 மி.மீ. பின்னால் அந்த உப்பல் நன்றாகத் தெரியும். 1990-களில் ஜெர்மனியில் ஹான்சன், ஹெல்ம்கே என்ற இருவர் இதை அல்ட்ரா சவுண்டில் அளந்து காட்டினார்கள்.

செய்முறை இதுதான். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார், தலைமாடு கொஞ்சம் உயர்ந்திருக்கும். மூடிய இமை மேல் தாராளமாக ஜெல்லி. அதன் மேல் பட்டையான சின்ன புரோப். அழுத்தவே கூடாது, ஜெல்லி மேல் மிதக்கிற மாதிரி வைக்க வேண்டும். திரையில் கண் ஒரு கறுப்பு உருண்டையாகத் தெரியும். அதன் பின்னால் இருந்து கறுப்புக் கோடு ஒன்று இறங்கும். அதுதான் பார்வை நரம்பு. 3 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தில் உறையின் குறுக்களவை எடுப்பார்கள். இரண்டு கண்ணிலும் இரண்டு மூன்று தடவை எடுத்து சராசரி பார்ப்பார்கள்.

பெரியவர்களுக்கு அந்த அளவு 5 மி.மீ.க்குள் இருந்தால் ஓரளவு நிம்மதி. 5-ஐத் தாண்டினால் சந்தேகம். 6-ஐ நெருங்கினால் ஓட்டம். குழந்தைகளுக்கு இந்தக் கோடு இன்னும் கீழே.

"டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பார்களே, அது போதாதா?" என்று கேட்கலாம். கண்ணுக்குள் நரம்பின் முனை வீங்கியிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பது பழைய முறை, நல்ல முறை. ஆனால் அந்த வீக்கம் தெரிய பல மணி நேரம் ஆகும், சில சமயம் நாள் கணக்கில் ஆகும். பாப்பா விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போவது, நிலைமை கைமீறும் கட்டத்தின் அடையாளம். உறை உப்புவதோ சீக்கிரமே நடந்துவிடுகிறது.

நம்பலாமா?

நியாயமான கேள்வி. 2011-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 65 நோயாளிகளுக்கு, மண்டைக்குள் குழாய் வைத்து அளந்ததையும் கண் ஸ்கேனில் அளந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. 2019-ல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் 71 ஆய்வுகளை, 4,551 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். தலையில் அடிபட்டவர்களில், நிஜமாகவே அழுத்தம் ஏறிய 100 பேரில் 97 பேரை இந்தச் சோதனை கண்டுபிடித்தது. அழுத்தம் ஏறாத 100 பேரில் 86 பேரைச் சரியாக "இல்லை" என்றது.

கணக்கைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். 100-க்கு 3 பேரை அது கோட்டை விடுகிறது. 14 பேருக்கு வீண் பயத்தைக் கொடுக்கிறது. எந்த அளவில் கோடு போடுவது என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் உண்டு: 4.8 மி.மீ. என்கிறார்கள், 6 என்பவர்களும் உண்டு. பார்வை நரம்பில் அழற்சி இருந்தாலும் உறை தடிக்கும். அழுத்தம் இறங்கிய பிறகும் சிலருக்கு உறை பழைய அளவுக்குத் திரும்பாது. கண் உருண்டையே கிழிந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால் புரோபை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கண்ணுக்கென்று குறைந்த சக்தி அமைப்பு ஸ்கேன் கருவியில் தனியாக உண்டு; அதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆக, இது சி.டி. ஸ்கேனுக்கு மாற்று இல்லை. ரத்தக் கட்டு எங்கே, எவ்வளவு என்று சி.டி.தான் சொல்லும். கண் ஸ்கேன் சொல்வது ஒன்றே ஒன்று: "இவருக்கு அவசரம்!"

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன மதிப்பு?

காஞ்சிபுரத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஊரை ஒட்டி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று தொழிற்சாலைகள். அப்பா தறியில், பிள்ளை கம்பெனி ஷிஃப்டில் என்று எத்தனையோ வீடுகள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து டூவீலரில் வருகிற பிள்ளைகள். கருட சேவை, முகூர்த்தப் புடவை என்று வெளியூரிலிருந்து வரும் வண்டிகள் வேறு. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 17,884 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். இந்தியா முழுக்க 1,68,491 பேர். விபத்துச் சாவு என்றால் அதில் தலைக்காயத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடிபட்டவரை முதலில் கொண்டுபோவது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. எல்லாத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் சி.டி. கிடையாது. சி.டி. இருக்கும் இடத்தில் எல்லாம் மூளை அறுவை டாக்டர் ராத்திரி பகலாக இருப்பதில்லை. ஒரு காலத்தில் இதே மாவட்டத்துக்குள் இருந்த செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. அது 40 கி.மீ. அளவில். சென்னை பெரியாஸ்பத்திரி, டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிய இடம், 75 கி.மீ. அளவில். நடுவில் டிராஃபிக்.

இப்போது டியூட்டி டாக்டரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்று பேர் தலைக்காயத்தோடு வருகிறார்கள். ஒருவர் குடித்திருக்கிறார், உளறுகிறார். ஒருவர் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்குகிறார். இன்னொருவர் "ஒண்ணுமில்லைங்க" என்று எழுந்து உட்கார்கிறார். ஆம்புலன்ஸ் ஒன்று. யாரை முதலில் அனுப்புவது? குடித்தவரின் உளறல் சாராயத்தாலா, ரத்தக் கட்டாலா? அனுபவம் உள்ள டாக்டருக்கே இது திண்டாட்டம்தான்.

நோயாளி எவ்வளவு தெளிவாக இருக்கிறார் என்ற மதிப்பெண், பாப்பா, ரத்த அழுத்தம் எல்லாவற்றோடும் கண் ஸ்கேன் அளவும் சேர்ந்தால் டாக்டர் கைக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. "உறை 6 மி.மீ. இருக்கு. அனுப்புறேன், தியேட்டரைத் தயார் பண்ணுங்க" என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போடலாம். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஆட்கள் தயார். மிச்சமாகும் அரை மணி, முக்கால் மணி நேரம்தான் பிழைப்பதையும், பிழைத்த பின் எழுந்து நடப்பதையும் தீர்மானிக்கிறது.

இன்னொன்று. சி.டி.யை மணிக்கு ஒரு தடவை எடுக்க முடியாது. கதிர் உண்டு, செலவு உண்டு, நோயாளியை நகர்த்தும் ஆபத்தும் உண்டு. கண் ஸ்கேனைக் கட்டிலிலேயே திரும்பத் திரும்பச் செய்யலாம். முதல் சி.டி. நன்றாக இருந்து, வார்டில் கண்காணிப்பில் வைத்திருப்பவருக்கு உறை 4.6-லிருந்து 5.4-க்கு ஏறினால், மறுபடியும் சி.டி. எடுக்க அதுவே மணி அடிக்கிறது.

விபத்து மட்டுமில்லை. ரத்தக் கொதிப்பால் மூளையில் ரத்தக் கசிவு வந்தவர், மூளைக் காய்ச்சல் வந்த குழந்தை, காசநோய் மூளைச் சவ்வைத் தாக்கியவர், பிரசவமான சில நாளில் தாங்க முடியாத தலைவலியும் வலிப்புமாக வரும் பெண் எல்லோருக்கும் இதே கேள்விதான் எழுகிறது: மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறதா? முக்கியமாக, முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதற்கு முன்னால் டாக்டருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

பூமிக்கு வெளியேகூட இதைச் செய்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்குக் கண்ணின் பின்பகுதியில் மாற்றங்கள் வருவதால், அவர்கள் தங்கள் கண்களை அல்ட்ரா சவுண்டில் பார்த்துக்கொள்கிறார்கள். புரோப் பிடிப்பவர் ஸ்கேன் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. தரையில் இருக்கும் நிபுணர் "கொஞ்சம் இடது பக்கம்... அப்படியே நிறுத்துங்க" என்று வழிகாட்டுகிறார். விண்வெளியில் நடப்பது வாலாஜாபாத்தில் நடக்காதா?

சட்டம் குறுக்கே நிற்கிறதா?

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "அல்ட்ரா சவுண்ட் மிஷினைக் கண்ட இடத்தில் வைக்க முடியுமா? சட்டம் இருக்கிறதே!" இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டம், 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. எந்த அல்ட்ரா சவுண்ட் கருவியாக இருந்தாலும், அது இருக்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத இடத்துக்குக் கருவியை விற்கவே கூடாது. கையில் எடுத்துப் போகும் கருவிகளுக்கு 2012-ல் கூடுதல் கட்டுப்பாடுகள் வந்தன.

இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல நான் வரவில்லை. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிவந்த மாநிலம் இது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரைக்குமான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு இந்தியாவில் 919 பெண்கள்தான். தமிழ்நாட்டில் 943. அந்தச் சட்டம் காரணத்தோடுதான் கண்டிப்பாக இருக்கிறது.

ஆனால் சட்டம் சொல்வது "பதிவு செய்" என்றுதான். "அவசரப் பிரிவில் வைக்காதே" என்று அது சொல்லவில்லை. பதிவு செய்த ஆஸ்பத்திரியில், பதிவு செய்த கருவியை, விதிப்படி தகுதி உள்ள டாக்டர் அவசர நோயாளிக்குப் பயன்படுத்த வழி இருக்கிறது. என் யோசனை எளிமையானது. ஆம்புலன்ஸ் விவகாரம் பிறகு வரட்டும். முதலில், மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் நிரந்தரமாக ஒரு கருவி. கண்ணுக்குத் தேவையான பட்டை புரோப் மட்டும் அதில் இருக்கட்டும். அந்த புரோப் சில சென்டிமீட்டர் ஆழம் வரைதான் தெளிவாகக் காட்டும். வயிற்றுக்குள் குழந்தையைப் பார்ப்பதற்கு உண்டானது வேறு. ஒவ்வொரு ஸ்கேனும் நேரத்தோடு பதிவாகட்டும். டியூட்டி டாக்டர்களுக்கு முறையான பயிற்சி, நிபுணர் மேற்பார்வையில் கொஞ்சம் பேரைப் பார்த்த பிறகே தனியாகச் செய்ய அனுமதி. இதில் சட்டமும் பிழைக்கும், நோயாளியும் பிழைப்பார்.

அரசாங்கத்துக்கு மனம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து ஓடுகிறது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. அந்த 48 மணியில் முதல் ஒரு மணியை வீணாக்காமல் இருக்க, இந்தச் சின்னக் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஒரு பயமும் எனக்கு உண்டு. நாளைக்கே யாராவது "கண் வழியாக மூளைப் பரிசோதனை, சலுகை விலையில்" என்று போர்டு போட்டுவிடுவார்கள்! நல்லா இருக்கிறவர்கள் இதைச் செய்துகொள்ளத் தேவையே இல்லை. 14 பேருக்கு வீண் பயம் என்றேனே, நல்லா இருக்கிறவர்களை வரிசையில் நிறுத்தினால் அந்தப் பதினாலு பேர்தான் மிச்சம். அதைவிட ஆபத்து, "கண் ஸ்கேன் நார்மல், சி.டி. வேண்டாம்" என்று செலவைத் தள்ளிப்போடுவது. அறிகுறி இருந்து டாக்டர் சி.டி. எடுக்கச் சொன்னால், கண் ஸ்கேன் என்ன சொன்னாலும் எடுத்தே ஆக வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

கருவி வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் உங்கள் கையில் இருப்பது சில உண்டு.

தலையில் அடிபட்ட பிறகு நன்றாகப் பேசினார், காபி குடித்தார் என்பது உத்தரவாதம் ஆகாது. மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் கசியும்போது சிலர் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்துவிட்டு, பிறகு திடீரென்று சரிவார்கள். "அசதியா இருக்கான், தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலவீனம், காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி ஒழுகல், ஒரு பாப்பா மட்டும் பெரிதாவது என்று இதில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கமாக இருப்பவர் வாயில் தண்ணீர், சோடா ஊற்றாதீர்கள். கழுத்தைத் திருப்பாமல், நேராக வைத்துத் தூக்குங்கள்.

தாத்தா பாட்டி பாத்ரூமில் வழுக்கி, தலையில் லேசாக இடித்துக்கொண்டதை எல்லோரும் மறந்திருப்போம். இரண்டு மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும். "வயசாச்சு" என்று நினைப்போம். மெதுவாகச் சேர்ந்த ரத்தக் கட்டாக இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் இரட்டிப்பு ஜாக்கிரதை.

அடிபடாமலும் அழுத்தம் ஏறும். காலையில் எழும்போதே தலைவலி, குனிந்தால், இருமினால் அதிகம், சில விநாடி கண் மங்கித் திரும்புவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, காதுக்குள் இதயத் துடிப்பு மாதிரி ஓசை... எடை கூடிய இளம் பெண்களுக்குக் கட்டி எதுவும் இல்லாமலே இப்படி வருவதுண்டு. "கண்ணாடி பவர் மாறியிருக்கும்" என்று கடையில் கண்ணாடி மாற்றிக்கொண்டே காலத்தைப் போக்கினால், பார்வையே போய்விடலாம். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி உப்பியிருப்பது, விடாத அழுகை, வாந்தி, தலை வேகமாகப் பெருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

நாளைக்கு ஏதாவது ஓர் அவசரப் பிரிவில், உங்கள் வீட்டு மனிதரின் இமை மேல் டாக்டர் ஜெல்லி தடவினால் பதறாதீர்கள். "எவ்வளவு மில்லிமீட்டர் டாக்டர்? ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கா? சி.டி. எப்போ?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற குடும்பங்கள் பெருகினால், கருவியும் பயிற்சியும் தானாக ஊருக்கு வந்து சேரும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, குழந்தைக்குத் தடுப்பூசி என்று நம்ம ஊருக்கு வந்த பல நல்ல விஷயங்களும், ஜனங்கள் கேட்கக் கேட்கத்தான் வேரூன்றின.